சைகைமொழிக் குறிமுறைகளில் கையுரு மாற்றங்கள்: ஒரு மதிப்பீடு

சுட்டுவிரலை நீட்டி மற்ற விரல்களை மடக்கிய கையுரு சைகைமொழிகளில் பரவலாகக் காணப்படும் ஒன்று. அகராதிப் படங்களில் இக்கையின் பெருவிரல் மடங்கிய நடுவிரலின்மேல் ஒழுங்காகப் படிந்திருக்கும். இயல்பான உரையாடலில் அது அவ்வாறு படிந்திருப்பதில்லை. சில இடங்களில் பெருவிரல் விலகி நிற்கும். சில இடங்களில் மற்ற விரல்களும் நெகிழ்ந்து, கை ஏறத்தாழ விரிந்துவிடும். பேசுபவரும் பார்ப்பவரும் இவற்றை வெவ்வேறு சொற்களாகக் கருதுவதில்லை. ஆனால் இவற்றைத் தாளில் குறிக்க முற்படுபவர் பெருவிரல் எங்கே நிற்கிறது என்பதற்கு ஒரு விடை சொல்லியாக வேண்டும். இதுவரை உருவாகியுள்ள குறிமுறைகள் இக்கேள்வியை எவ்வாறு எதிர்கொள்கின்றன, அவற்றின் விடைகள் எங்கே போதாமலிருக்கின்றன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

தமிழ் எழுத்தோடு பழகியவர்க்கு இச்சிக்கலின் ஒரு பாதி புதிதன்று. ‘கல்’, ‘தங்கம்’, ‘பகல்’ ஆகிய மூன்று சொற்களிலும் ககரம் ஒரே ஒலியாக ஒலிப்பதில்லை. எனினும் எழுத்து ஒன்றே. இம்மூன்று ஒலிகளும் துணைநிலை வழக்கில் வருவதால் இடத்தை அறிந்தால் ஒலியை அறியலாம். எழுத்து அவற்றைப் பிரித்துக் காட்ட வேண்டியதில்லை. மறுபாதிதான் கடினமானது. ‘பழம்’ என்னும் சொல்லைப் ‘பளம்’ என ஒலிக்கும் வட்டாரங்கள் உண்டு. எழுதுபவர் ழகரத்தையே எழுதுவார். கிளைமொழி ஆய்வாளர் ளகரத்தை எழுதியாக வேண்டும். ளகரம் அம்மொழியில் ஏற்கனவே தனி ஒலியனாக இருப்பதால், அவர் எழுதியது ஒரு மாற்றொலியின் பதிவா, வேறு ஒலியனின் பதிவா என்ற ஐயம் உடன் எழுகிறது. கையுரு மாற்றங்களில் பெரும்பாலானவை ககரச் சிக்கலைச் சார்ந்தவை அல்ல. ழகர ளகரச் சிக்கலைச் சார்ந்தவை. குறிமுறைகளை வகுத்தவர்கள் இவ்வேறுபாட்டைப் போதிய அளவு கருதவில்லை என்பதே இங்கு முன்வைக்கப்படும் குறை.

ஸ்டோக்கியின் 19 குறிகள்

அமெரிக்கச் சைகைமொழியின் அமைப்பைப் பற்றி வில்லியம் ஸ்டோக்கி 1960இல் வெளியிட்ட ஆய்வும், டாரதி காஸ்டர்லைன், கார்ல் கிரோன்பெர்க் ஆகிய இருவருடன் இணைந்து 1965இல் வெளியிட்ட அகராதியும் இத்துறையின் தொடக்கம். சைகையை இடம், கையுரு, அசைவு என மூன்று கூறுகளாகப் பகுத்து, 12 இடக்குறிகள், 19 கையுருக் குறிகள், 24 அசைவுக் குறிகள் என 55 குறிகளால் அம்மொழியின் சொற்களை எழுதிக் காட்டினார் ஸ்டோக்கி. ஒலியனுக்கு நிகரான அலகுக்கு, கை என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து ‘கெரீம்’ என்ற பெயரையும் உருவாக்கினார். சைகை ஒரு மொழியே அன்று என்று கல்வியாளரும் கருதிய காலத்தில், அதன் சொற்களும் பொருளற்ற சிற்றலகுகளால் ஆனவை என்று நிறுவுவதே அவருடைய நோக்கம். அதற்கு ஒலியனியல் நிலையிலான குறிமுறை தேவைப்பட்டது. ஒலியியல் நிலையிலான பதிவு தேவைப்படவில்லை.

ஆகவே அவருடைய ‘ஏ’ குறி மூடிய கை முழுவதற்கும் பொதுவானது. அமெரிக்க விரலெழுத்தில் ஏ, எஸ், டி ஆகிய மூன்றும் மூடிய கையின் மூன்று வடிவங்கள். பெருவிரல் பக்கவாட்டில் நிற்கலாம், விரல்களின் முன்னே குறுக்காகப் படியலாம், இரண்டு விரல்களுக்கு இடையே நுழையலாம். மூன்றும் ஒரே அலகின் மாற்றுருவங்கள் என்று ஸ்டோக்கி கொண்டார். அவ்வாறே ‘ஜி’ என்னும் குறி விரலெழுத்தின் ஜி, டி போன்ற வடிவங்களை உள்ளடக்கிய சுட்டுவிரல் கையைக் குறித்தது. இம்முடிவுகளில் ஒரு துணிவு இருக்கிறது. மொழியில் வேற்றுமை செய்யாததை எழுத வேண்டியதில்லை என்ற கொள்கை தளராமல் பின்பற்றப்பட்டிருக்கிறது. மூடிய கையைப் பொறுத்தவரை அக்கொள்கை ககரத்தைப் போலவே செயற்படுகிறது. எனினும் விரலெழுத்தின் முதலெழுத்தைத் தாங்கிய சைகைகள் பெருகியபோது அதுவும் ஆட்டம் கண்டது. ‘முயல்’ என்னும் பொருளுடைய சைகையை டி என்ற எழுத்தின் கையுருவால் செய்பவர்க்குப் பெருவிரல் இரு விரல்களுக்கிடையே நுழைவது தற்செயலன்று.

சுட்டுவிரல் கையில்தான் உண்மையான இடர் எழுகிறது. பெருவிரல் விலகிய சுட்டுவிரல் கை, உருவத்தில், ஸ்டோக்கியின் ‘எல்’ கையாகும். முழுதும் நெகிழ்ந்து விரிந்த கை அவருடைய ‘5’ கையை ஒத்தது. எல், 5 இரண்டும் அவருடைய பட்டியலில் ஜி-க்குச் சமமான தனி அலகுகள். ஆகவே ‘நான்’ என்னும் பொருளில் மார்பைச் சுட்டும் கையில் பெருவிரல் விலகியிருந்தால், எழுதுபவர்முன் இரண்டு வழிகளே உள்ளன. ஜி என எழுதினால் கண்டது மறைகிறது. எல் என எழுதினால் அம்மொழியில் இல்லாத ஒரு புதிய சொல் தோன்றுகிறது. பெர்னார்ட் பிளாக் 1941இல் ஒலியன்களின் மேற்படிவு பற்றி எழுதிய கட்டுரை அமைப்பியலாளர்க்கு நன்கு தெரிந்த ஒன்று. இருந்தும் ஸ்டோக்கியின் குறிமுறையில் அதற்கு இடம் இல்லை. அதே 1965ஆம் ஆண்டு அகராதியின் பின்னிணைப்பில் கிரோன்பெர்க் சைகைமொழியின் வட்டார வேறுபாடுகளை முதன்முதலாக ஆராய்ந்தார் என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். வேறுபாட்டை ஆராயும் பகுதியும் அதை எழுத இயலாத குறிமுறையும் ஒரே அட்டைக்குள் அமைந்தன.

ஒரு மொழிக்கெனச் செய்த ஒலியன் பட்டியலை வேறு மொழிகளுக்கு எடுத்துச் சென்றபோது குறை பெரிதாயிற்று. பிரித்தானியச் சைகைமொழியில் ‘நல்ல’ என்பது பெருவிரலை நிமிர்த்திய மூடிய கை. ‘கெட்ட’ என்பது சிறுவிரலை நீட்டிய கை. பெருவிரலை எடுத்துவிட்டால் முதற்சொல் இல்லை. அமெரிக்க மொழிக்கான பட்டியலில் மூடிய கையின் துணைவடிவமாகப் புள்ளியிட்டுக் காட்டப்பட்ட ஒன்று இங்கே முதன்மை அலகு. எடின்பரோவில் 1980இல் வெளிவந்த பிரித்தானியச் சைகைமொழி விளக்க நூல் ஸ்டோக்கியின் முறையை விரித்தே பயன்படுத்தியது. ஒவ்வொரு மொழிக்கும் குறிகளைச் சேர்த்துக்கொண்டே போவது பயன்பாட்டுக்கு உதவும். ஆனால் சேர்க்கப்பட்ட குறி அலகா, மாற்றுருவமா என்ற கேள்வியைக் குறிமுறையே கேட்பதில்லை. ராபின் பாட்டிசன் 1978இல் அமெரிக்க மொழியின் பொதுநிலைக் கையுருக்கள் ஏழு என வகுத்தபோது, ஏ, எஸ் இரண்டையும் தனித்தனியே எண்ணினார் என்பது கருதத்தக்கது. ஸ்டோக்கி ஒன்றாக்கியதை அதே மொழியைப் பற்றிய மற்றொரு கொள்கை பிரித்துக் கேட்கிறது.

நுட்பம் மிகுந்த முறைகள்

குறைவாகக் குறிப்பதால் நேரும் இழப்பைக் கண்டவர்கள் மிகுதியாகக் குறிக்கும் வழியை நாடினர். லிடல், ஜான்சன் இருவரும் 1989இல் அமெரிக்க மொழியில் மட்டும் 150க்கு மேற்பட்ட கையமைப்புகளைக் கண்டதாகக் கூறினர். பின்னர் அவர்களே ஒவ்வொரு விரலின் ஒவ்வொரு மூட்டும் எவ்வளவு மடங்கியிருக்கிறது என்பதைத் தனித்தனியே எழுதும் முறையை வகுத்தனர். விரல்களைப் பற்றிய கட்டுரை 2011இலும் பெருவிரலைப் பற்றிய கட்டுரை 2012இலும் வெளிவந்தன. பெருவிரலுக்கென ஒரு கட்டுரை முழுவதும் தேவைப்பட்டதே இச்சிக்கலின் அளவைக் காட்டும். ஒலியியல் பதிவு என்ற வகையில் இதற்கு இணையான முறை வேறில்லை. ஆனால் நான்கு விரல்களில் 12 மூட்டுகள், அவற்றுடன் பெருவிரல் என்று ஒரு சொல்லின் ஒரு கணத்தை எழுதிய பிறகும், இவற்றுள் எது அச்சொல்லுக்கு உரியது, எது அந்தக் கணத்தில் நேர்ந்தது என்பது தெரியாது.

ஹாம்பர்க்கில் 1980களின் நடுவில் உருவாகி, 2004இல் நான்காம் பதிப்பை எட்டிய ஹாம்நோசிஸ், எந்தச் சைகைமொழிக்கும் பொருந்துமாறு சுமார் 200 குறிகளால் அமைந்தது. மூடிய கை, தட்டையான கை, நீட்டிய விரல்கள் போன்ற சில அடிப்படை உருவங்களை வைத்துக்கொண்டு, பெருவிரலின் நிலையையும் விரல்களின் வளைவையும் துணைக்குறிகளால் காட்டுகிறது. கையுரு மாற்றத்தைப் பொறுத்தவரை இது ஒரு நல்ல முடிவு. பெருவிரல் படிந்த சுட்டுவிரல் கையும் பெருவிரல் விலகிய சுட்டுவிரல் கையும் ஒரே அடிப்படைக் குறியின்கீழ் அடுத்தடுத்து நிற்கின்றன; இரண்டுக்கும் உள்ள உறவு எழுத்திலேயே தெரிகிறது. இரண்டு உருவங்களுக்கு இடைப்பட்ட உருவத்தைக் காட்டவும் அம்முறையில் குறி உண்டு. ஆனால் முழுதும் விரிந்த கை வேறொரு அடிப்படை உருவம். மூன்றாம் மாற்றுருவம் குடும்பத்தைவிட்டு வெளியே போய்விடுகிறது.

வேலரி சட்டன் 1974இல் டென்மார்க்கில் தம் நடனக் குறிமுறையிலிருந்து வளர்த்த சைகையெழுத்து, ஆய்வாளர்க்கு மட்டுமன்றிக் காதுகேளாதோர் தாமே எழுதவும் படிக்கவும் பயன்படுமாறு அமைந்தது. அவ்வகையில் மற்றவற்றினும் அதன் நோக்கம் உயர்ந்தது. அதன் 2010ஆம் ஆண்டு உலகப் பட்டியலில் 652 அடிப்படைக் குறிகள் உள்ளன. அவற்றுள் 261 கையுருக்களுக்கு உரியவை. 2015இல் யூனிகோடில் இடம்பெற்றபோது இவ்வடிப்படைக் குறிகளுடன் நிரப்பு, சுழற்சி ஆகியவற்றைக் காட்டும் குறிகளும் சேர்ந்து 672 எழுத்துருக்கள் ஆயின. கையுருக்கள் நீட்டப்பட்ட விரல்களின்படி பத்துக் குழுக்களாக வரிசைப்படுத்தப்பட்டுள்ளன. சுட்டுவிரல் மட்டும் நீண்ட கை முதற்குழுவில் வருகிறது. ஐந்து விரல்களும் விரிந்த கை ஐந்தாம் குழு. சுட்டுவிரலும் பெருவிரலும் சேர்ந்த கை ஒன்பதாம் குழு. ‘நான்’ என்ற ஒரே சொல்லை மூவர் தம் கை காட்டியவாறே எழுதினால், அகராதியில் அது முதற்பகுதி, நடுப்பகுதி, கடைப்பகுதி என மூன்று இடங்களில் போய் அமரும். கணிப்பொறியில் தேடுபவர்க்கும் இம்மூன்றையும் இணைக்கும் தடம் குறியெண்ணில் இல்லை. பழகிய எழுத்தாளர்கள் ஒரு வடிவத்தை மரபாக ஏற்று எழுதுவதால் நடைமுறையில் குழப்பம் குறைகிறது என்று கூறலாம். அது உண்மையே. ஆனால் அந்த மரபு ஒலியனியல் முடிவு. அது எழுதுபவரின் உள்ளத்தில் இருக்கிறது, குறிமுறையில் இல்லை.

தரவு கூறுவது

பெருவிரல் விலகுவது வெறும் கவனக்குறைவு என்று ஒதுக்க இயலாது. லூகாஸ், பெய்லி, வாலி ஆகியோர் அமெரிக்காவின் ஏழு ஊர்களில் 207 பேரின் சைகைப் பேச்சைப் பதிவு செய்து 2001இல் வெளியிட்ட ஆய்வு, சுட்டுவிரல் கை வரும் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட இடங்களை எண்ணிப் பார்த்தது. அகராதி வடிவம், பெருவிரல் விலகிய வடிவம், கை விரிந்த வடிவம் ஆகியவற்றின் தேர்வைப் பெரிதும் தீர்மானித்தது சொல்லின் இலக்கண வகை. பெயர்களும் வினைகளும் வினாச்சொற்களும் அகராதி வடிவத்தோடு நெருங்கி நிற்க, சுட்டுப்பெயர்கள், அவற்றிலும் குறிப்பாகத் தன்மை இடப்பெயர், மிகுதியாக மாறின. முன்னும் பின்னும் வரும் சைகையின் கையுருவோடு ஓரினமாதலும் காணப்பட்டது. பிரித்தானியச் சைகைமொழித் தரவகத்தில் 2084 இடங்களை ஆராய்ந்து ஃபென்லனும் பிறரும் 2013இல் வெளியிட்ட கட்டுரையும் சூழலையும் இலக்கண வகையையும் காரணிகளாகக் கண்டது. சொல்லின் பயில்வெண்ணும் பங்கு கொண்டது. சமூகக் காரணிகளுள் வட்டாரம் ஒன்றே பொருட்படுத்தத்தக்கதாக இருந்தது.

இவ்வாய்வுகளைச் செய்தவர்கள் மூன்று வடிவங்களையும் வீடியோவைப் பார்த்து, தாமே வகுத்த வகைப்பாட்டின்படி எண்ணினார்கள். நடப்பிலிருந்த எந்தக் குறிமுறையில் எழுதப்பட்ட நூல்களும் அவர்களுக்குத் தரவாக உதவியிருக்க முடியாது. ஜி என்று மட்டும் எழுதியிருந்தால் மாற்றம் இல்லை என்ற விடை வந்திருக்கும். ஜி, எல், 5 என எழுதியிருந்தால் மூன்று சொற்கள் என்ற விடை வந்திருக்கும்.

வேறு வகையான மாற்றம் ஒன்றை ஓனோ கிராஸ்போர்ன் 2001இல் நெதர்லாந்துச் சைகைமொழியில் விளக்கினார். தட்டையான கையின் விரல்கள் அடிமூட்டில் வளைந்து காணப்படுவதைப் பலரும் ‘வளைந்த கை’ என்ற தனிக் கையுருவாக எழுதி வந்தனர். விரல்நுனி உடலின் எந்த இடத்தைத் தொட வேண்டும், எப்பக்கம் நோக்க வேண்டும் என்பதே சொல்லுக்கு உரியது. அதை மணிக்கட்டை வளைத்தும் அடையலாம், அடிமூட்டை வளைத்தும் அடையலாம். இவ்விளக்கத்தை ஏற்றால், கையுருக் குறியில் எழுதப்பட்ட வளைவு கையுருவுக்கே உரியதன்று, திசையின் விளைவு. குறிமுறையின் ஒரு பத்தியில் எழுதியது மற்றொரு பத்தியைச் சேர்ந்தது என்றாகிறது.

சாண்ட்லர், பிரென்டாரி, வான் டெர் கோய் போன்றோர் 1989 முதல் வளர்த்த ஒலியனியல் கோட்பாடுகளில் இதற்கு வழி உள்ளது. ஒரு கையுருவில் சில விரல்களே ‘தேர்ந்த விரல்கள்’. மற்றவை அவற்றுக்கு இடம் கொடுத்து ஒதுங்குபவை. ‘நான்’ என்னும் சைகையில் தேர்ந்த விரல் சுட்டுவிரல் ஒன்றே. மற்ற விரல்களின் நிலையும் பெருவிரலின் நிலையும் அச்சொல்லின் உள்ளமைப்பில் குறிக்கப்படாதவை. விந்தை என்னவெனில், இக்கோட்பாட்டை விளக்கும் நூல்களும் எடுத்துக்காட்டுகளைப் பழைய எழுத்துப் பெயர்களாலேயே சுட்டுகின்றன. கோட்பாடு பெருவிரலை விடுவித்துவிட்டது. குறிமுறை இன்னும் விடுவிக்கவில்லை.

தேவைப்படுவது கூடுதல் குறிகள் அன்று. ஒரு கூறு வேண்டும், கூடாது, இரண்டும் ஆகும் என மூன்று நிலைகளையும் காட்டும் வசதி. ஹாம்நோசிஸில் பெருவிரல் துணைக்குறி இல்லாதிருப்பது பெருவிரல் அடிப்படை நிலையில் இருக்கிறது என்று பொருள்படும். ‘எங்கும் இருக்கலாம்’ என்று பொருள்படாது. வெற்றிடத்துக்கும் ஒரு மதிப்பு ஏற்றப்பட்டுவிட்டதே குறை. கட்டின்மையைக் காட்ட ஒரு துணைக்குறி சேர்த்தால் அகராதித் தலைச்சொல்லை உண்மையாக எழுதலாம். அதன் கீழ்வரியில் உரையாடலில் கண்ட வடிவங்களை நுட்பமாக எழுதலாம்.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. புதிய மொழியொன்றைக் களத்தில் பதிவு செய்பவர்க்கு எது கட்டற்றது என்பது முதலில் தெரியாது. கென்னத் பைக் 1947இல் வகுத்த ஒலியனியல் நெறியே முதலில் நுட்பமாகப் பதிவு செய், பின்னர் சுருக்கு என்பதாகும். மறுப்பு சரியானது, ஆனால் அது இரண்டு வரிகள் வேண்டும் என்பதையே வலியுறுத்துகிறது. ஒரு வரியே இரண்டு பணிகளையும் செய்ய வேண்டும் என எதிர்பார்ப்பதால்தான் ஸ்டோக்கியின் முறை ஒரு பக்கமும் மூட்டுக் கணக்கு மறுபக்கமும் சாய்கின்றன.

எலான் போன்ற மென்பொருள்களால் அமையும் இன்றைய தரவகங்கள் கையுருவை எழுதும் சுமையையே பெரும்பாலும் கைவிட்டு, ஒவ்வொரு சொல்லுக்கும் மாறாத ஓர் அடையாளப் பெயரை மட்டும் இடுகின்றன. வீடியோ அருகிலேயே இருப்பதால் இதில் தவறில்லை என்று ஜான்ஸ்டன் போன்றோர் காட்டும் காரணம் ஏற்கத்தக்கது. மொழிபெயர்ப்பாளர்க்கு அது போதாது. கிளைமா, பெலுகி இருவரும் 1979இல் வெளியிட்ட நூலில் சைகைக் கவிதைகளை ஆராய்ந்து, அடுத்தடுத்த சைகைகளில் ஒரே கையுரு திரும்ப வருவது ஓசையில்லா மொழியின் எதுகையாக நிற்பதைக் காட்டினர். உரையாடலில் தானே விலகும் பெருவிரலைக் கவிஞர் வேண்டுமென்றே விலக்கிப் பிடித்து முன்வந்த சைகையோடு இயைக்கக்கூடும். அடையாளப் பெயர்களை மட்டும் கையில் வைத்துக்கொண்டு மொழிபெயர்ப்பவர்க்கு அந்த எதுகை இருந்ததே தெரியாது.

இந்தியச் சூழல்

ஸ்டோக்கியின் குறிப்பெயர்கள் அமெரிக்க ஒற்றைக்கை விரலெழுத்திலிருந்து பிறந்தவை. இந்தியச் சைகைமொழியின் ஆங்கில விரலெழுத்து இரு கைகளால் செய்யப்படுவது. ‘பி கை’ என்றால் வாஷிங்டனில் ஒருவர் தட்டையான கையை நினைப்பார். டெல்லியிலோ சென்னையிலோ உள்ளவர் இரு கைகளும் சேர்ந்த எழுத்தை நினைப்பார். இந்திய ஆய்வேடுகள் இப்பெயர்களை இன்றும் எடுத்தாள்வது, ககரத்தின் மாற்றொலிகளைக் கிரேக்க எழுத்துப் பெயர்களால் மாணவர்க்கு விளக்குவதைப் போன்றது.

இதற்கு மாற்றாக நாட்டிய முத்திரைப் பெயர்களைக் கொள்ளலாம் என்ற எண்ணம் எளிதில் தோன்றக்கூடியது. அபிநய தர்ப்பணம் ஒற்றைக்கை 28 எனக் கூறும். சிலப்பதிகார உரைமரபு இணையா வினைக்கை 33 எனக் கூறும். முட்டி, சிகரம் ஆகிய இரண்டும் பெருவிரல் நிமிர்வதால் மட்டும் வேறுபடுவதால், நுட்பமான வேறுபாடுகளுக்குப் பெயர்கள் தயாராக உள்ளன என்ற கவர்ச்சியும் உண்டு. ஆனால் அவ்வேறுபாடு நாட்டியத்துக்கு உரியது. மூடிய கையின் பெருவிரல் இந்தியச் சைகைமொழியில் எந்தச் சொற்களில் வேற்றுமை செய்கிறது என்பதை அம்மொழியின் இணைச்சொற்களே தீர்மானிக்க வேண்டும். பெயரோடு ஒலியன் பட்டியலும் சேர்ந்து இறக்குமதியாகும் என்பதை ஸ்டோக்கியின் குறிகளே காட்டியுள்ளன.

டெல்லி, கல்கத்தா, பம்பாய், பெங்களூர் ஆகிய நான்கு நகரங்களின் சைகைகளை ஒப்பிட்டு வசிஷ்டா, உட்வர்ட், வில்சன் ஆகியோர் 1978இல் எழுதியது முதல், வட்டார நெருக்கத்தைப் பற்றிய விவாதம் தொடர்கிறது. இரண்டு நகரங்களின் சைகைகள் பெருவிரலில் மட்டும் வேறுபட்டால் அவற்றை ஒரே சொல் என எண்ணுவதா, இன உறவுடைய இரு சொற்கள் என எண்ணுவதா என்பதைப் பொறுத்து விழுக்காடு மாறும். எண்ணத் தொடங்கும் முன்பே குறிமுறை அம்முடிவை எடுத்துவிடுகிறது.

கோயம்புத்தூர் இராமகிருஷ்ண மிஷன் வித்யாலயம் 2001இல் இந்தியச் சைகைமொழி அகராதியை வெளியிட்டது. 2015இல் நிறுவப்பட்ட இந்தியச் சைகைமொழி ஆய்வு, பயிற்சி மையத்தின் அகராதி 2018இல் 3000 சொற்களுடன் தொடங்கி 2021 பிப்ரவரியில் 10000 சொற்களை எட்டியது. பின்னது வீடியோ வடிவில் அமைந்தது. கண்ணால் காணும் மொழிக்கு வீடியோவே இயல்பான ஊடகம் என்பதில் ஐயமில்லை. ஆனால் வீடியோ ஒருவர் ஒருமுறை செய்ததைக் காட்டும். அவர் பெருவிரல் படிந்திருந்தது சொல்லின் பகுதியா அன்றா என்பதைச் சொல்லாது. 2020ஆம் ஆண்டு தேசியக் கல்விக் கொள்கை இந்தியச் சைகைமொழி நாடு முழுவதும் தரப்படுத்தப்படும் என்று கூறி, வட்டாரச் சைகைமொழிகளும் மதிக்கப்பட்டு இயன்ற இடங்களில் கற்பிக்கப்படும் என்றும் சேர்த்துக் கூறியது. தரப்படுத்தலின் அடிப்படையாக வீடியோவில் உள்ள கை மட்டுமே இருக்குமானால், வீட்டிலும் விடுதியிலும் மூத்தவரிடம் கற்ற கையோடு பள்ளிக்கு வரும் குழந்தையின் விலகிய பெருவிரல் வகுப்பறையில் பிழையாகிவிடும். அதைப் பிழையென்று திருத்தும் ஆசிரியரைக் குறை சொல்வதில் பயனில்லை. அது பிழையன்று என்று அவருக்குச் சொல்லும் குறிப்பு அகராதியில் எங்கும் இல்லை.

அத்தகைய குறிப்பை இடுவதற்கு முழுமையான குறிமுறை ஒன்று உருவாகும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. வீடியோவின் கீழ் ஒரே வரி போதும்: தேர்ந்த விரல்கள் எவை, அவை நீண்டவையா வளைந்தவையா, பெருவிரல் கட்டுண்டதா கட்டற்றதா. முதலிரண்டையும் சைகையைக் கண்டே எழுதிவிடலாம். மூன்றாவதை எழுதக் குறைந்தது சில நகரங்களிலேனும், அகராதிக்கெனச் செய்து காட்டாத, இயல்பான உரையாடல்களைப் பார்த்தாக வேண்டும். சுட்டுவிரல் கை வரும் சுட்டுப்பெயர்களிலிருந்தும், மூடிய கை வரும் வினைகளிலிருந்தும் அப்பணியைத் தொடங்கலாம். 10000 சொற்களுள் இவ்விரண்டு கையுருக்களும் வருபவற்றை முதலில் பிரித்தெடுப்பது ஒரு சிறு குழுவாலும் இயலும்.